குடும்ப சமேதராய்

சனிக்கிழமை பின்னேரங்களில் தொலைக்காட்சியில் பிரெஞ்சுப் படம் போடுவார்கள். பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்த நகைச்சுவைப் படங்கள். அப்போதைய என் வயதில், பதின்மூன்று, பதினான்கில், ஒரு பெண் இருப்பாள். அவளுக்கு ஒரு பையனைப் பிடிக்கும். அப்பா, அம்மா, சகோதரங்கள், யாரோ ஒரு பெரியம்மா என்று வீட்டில் உள்ள அத்தனை பேரும் நேரம் பார்த்து வந்து காரியத்தைக் கெடுப்பார்கள். நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்க வேண்டும். கடைசியில் அவளுக்கு முதல் முத்தம் கிடைக்கும். குடும்பம் முழுக்க ஒரு நீண்ட மேசையில் சாப்பிட உட்காரும்.

நானும் அம்மாவும் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருப்போம். எனக்குப் பேச்சு பாதி விளங்கும், அம்மாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனாலும் என்னைவிட அம்மாதான் கதையை முதலில் பிடித்துவிடுவார்.

"அந்தப் பெட்டைக்கு எங்கையோ போகவேணுமாம். தேப்பன் விடுறான் இல்லை," என்பார்.

ஒருநாள் காதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போது அம்மா திரையில் வேறெதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "இஞ்ச பார் பிள்ளை, அந்த வீட்டுக்கு எத்தினை பேர் வருகினம், போகினம்," என்றார். அதற்குப் பிறகு எனக்கும் அந்தப் படங்களில் கதவு திறப்பதும் மூடுவதும் மட்டுமே கண்ணில் பட்டது.

எண்பதுகளின் பின்பாதி அது. லோசானுக்குப் பக்கத்தில், பிரெஞ்சு பேசும் ஒரு சின்ன ஊரில், மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. எங்கள் சனம் எல்லாம் அதே நாட்டின் ஜெர்மன் பேசும் பக்கம் இருந்தது. அங்கே ஷ்லீரன் என்ற ஊரில் இருந்த அம்மாவின் ஒன்றுவிட்ட தங்கை ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில், அங்கே வெள்ளிக்கிழமை தேவாரம் படிக்க எத்தனை வீட்டுக்காரர் கூடினார்கள் என்று சொல்லுவார். கேட்டு முடிந்ததும் அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதன் பக்கத்திலேயே நிற்பார். எங்களை இந்தப் பக்கம் அனுப்பியது அதிகாரிகள். எந்தக் கணக்கில் அனுப்பினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அப்பா ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவினார். அதற்கு முன்பு டாவோஸ் என்ற மலையூரில் கழுவினார். மலையை விட்டு இறங்கியதுதான் தன் பதவி உயர்வு என்று பகிடி விடுவார். அப்பாவுக்கு வேலை இருந்தது, எனக்குப் பள்ளிக்கூடம் இருந்தது. அம்மாவுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. வந்து ஓராண்டு ஆகியும் அந்த ஊரில் நாங்கள் போய் உட்கார ஒரு வீடு கிடையாது. எங்கள் கதவைத் தட்டுகிறவர் தபால்காரர் மட்டும்தான். அவரையும் அம்மா தேத்தண்ணி குடிக்கக் கூப்பிட்டுப் பார்த்தார்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் என்மேல் அன்பாக இருந்தார்கள். அந்த அன்பைத் தாங்குவது பெரிய பாடு. என்னிடம் பேசும்போது குரலைத் தாழ்த்துவார்கள். விளையாட்டில் பந்தை என் கையில் கொண்டுவந்து தருவார்கள். வீட்டுக்கு வந்த புதுக் கண்ணாடிச் சாமான் மாதிரி என்னை ஓர் ஓரத்தில் பத்திரமாக வைத்திருந்தார்கள். அப்படி இருக்கையில், பனி கொட்டிய ஒரு காலையில், ஒரு பனி உருண்டை பறந்து வந்து என் மூக்கில் சிதறியது.

எறிந்தவன் என் வகுப்புப் பையன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மற்றப் பிள்ளைகள் ஓடிப்போய், அவள் பாவமல்லவா, அகதியல்லவா என்று அவனைப் பிடித்து உலுக்கினார்கள். "அதற்கென்ன? நான் எல்லாருக்கும்தானே எறிகிறேன்," என்றான் அவன். மூக்கு எரிந்துகொண்டிருந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு அவன்மேல் விருப்பம் வந்தது அந்த நேரத்தில்தான். வேறு யாரும் என்னை 'எல்லாரும்' என்பதில் சேர்த்ததில்லை.

பிறகு நானும் அவனுக்கு எறிந்தேன். பேருந்துத் தரிப்பில் பக்கத்தில் நின்றோம். அவன் தன் பாண் ரொட்டியில் பாதியை எனக்குப் பிய்த்துத் தருவான். இதைத்தான் நான் காதல் என்று சொல்கிறேன். இதற்கு மேல் ஒன்றும் இல்லை, கேட்டு ஏமாற வேண்டாம்.

வகுப்பில் ஒருத்திக்குப் பிறந்தநாள் வந்தது. சனிக்கிழமை ஐந்து மணிக்கு அவள் வீட்டின் நிலவறையில் பார்ட்டி, வகுப்பு முழுக்க வர வேண்டும் என்றாள். அன்று பேருந்துத் தரிப்பில் பாணைப் பிய்த்தபடி அவன் சொன்னான்: "வருகிறாய்தானே? ஸ்லோ போட்டால் என்னோடு ஆடு."

ஸ்லோ என்றால் மெதுவான பாட்டு. ஒருவர் தோளில் ஒருவர் கையைப் போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே அசைந்து அசைந்து சுற்ற வேண்டும். குளியலறைக் கதவுக் கொளுவியில் தொங்கிய அப்பாவின் மேலங்கியைப் பிடித்துக்கொண்டு நான் பழகினேன். மேலங்கி நன்றாகவே ஆடியது. அந்த வாரம் முழுவதும் எனக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு பாட்டுதான்.

வீட்டில் சொன்னேன். அப்பா சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமலே கேட்டார்.

"ஆர் வந்து சொன்னது?"

"அவள்தான் அப்பா, பள்ளிக்கூடத்திலை."

"சின்னப்பிள்ளை சொல்லி ஒரு வீட்டுக்குப் போறதோ? தாய் தேப்பன் முறையாய் வந்து சொல்லாமல் எப்பிடிப் போறது?"

எங்கள் வழக்கம் அது. நல்ல காரியத்துக்கு வீட்டுப் பெரியவர்கள் நேரில் வந்து சொல்லி அழைக்க வேண்டும். வாய்வழியாக வந்த செய்தியை நம்பிப் போனால் மரியாதை கெட்டுவிடும். மறுநாள் அந்தப் பெண்ணிடம் நான் விசயத்தைச் சொன்னேன். அவளுக்கு அது விளங்கியதோ இல்லையோ, தாயிடம் சொல்லியிருக்கிறாள். வியாழக்கிழமை மாலை அந்தத் தாய் பனிச்சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பிள்ளையைத் தனியே விடப் பயப்படுகிறார்கள், போய் இரண்டு வார்த்தை ஆறுதலாகச் சொல்லிவிட்டு வருவோம் என்று வந்தவர் அவர். வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போகப் பார்த்தார். அம்மா அவரைக் கையில் பிடித்து உள்ளே இழுத்துக் கதிரையில் இருத்தி, பால்தேத்தண்ணியும் கொடுத்தார். சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பார்ட்டி, தானும் கணவரும் வீட்டில்தான் இருப்போம், வந்தால் மிகவும் சந்தோசம் என்று அவர் சொன்னார். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன்.

அவர் படியிறங்கியதும் அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"என்ன நல்ல மனுசி! எங்களையெல்லாம் வீடு தேடி வந்து சொல்லிப்போட்டுப் போறா."

"அம்மா, என்னை மட்டும்தான் சொன்னவ."

"உன்னை மட்டும் சொல்லவோ அந்த மனுசி இந்தப் பனிக்குள்ளை நடந்து வந்தது? விசர்க்கதை கதையாதை."

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே தீர்ப்பு எழுதிவிட்டார். "வீட்டுக்கு வந்து சொன்ன பிறகு குடும்பமாய்ப் போகாட்டில் அந்தச் சனம் என்ன நினைக்கும்?"

அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். இந்த நாட்டில் அப்படி இல்லை என்று பேசிப் பார்த்தேன். அந்த நாட்டு மனுசியே முறைப்படி வந்து சொல்லிவிட்ட பிறகு என் பேச்சு எடுபடவில்லை. அதற்குள் அம்மா பெட்டியின் அடியில் கிடந்த வாடாமல்லிப் பட்டுச்சேலையை எடுத்து உதறி, கட்டிலில் விரித்துப் போட்டுவிட்டார். விமானம் ஏறிய நாளிலிருந்து அது வெளிச்சத்தைக் கண்டதில்லை. அதைத் தடவிக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தபின் நான் அழுகையை நிறுத்தினேன்.

சனிக்கிழமை அம்மா விடியவே எழும்பி டின் மீனில் கட்லட் பொரித்தார். வெறுங்கையோடு போகலாமா? அப்பா தன்னோடு வேலை செய்யும் போர்த்துக்கீசக்காரரிடம் அன்றைய தன் வேலையை ஒப்படைத்து, அவருடைய கோட்டையும் இரவல் வாங்கி வந்தார். அதன் கை அப்பாவின் விரல் நுனிவரை வந்தது. நான் ஜீன்ஸுக்காகப் போராடி வென்றேன். அதற்கு விலையாக இரட்டைப் பின்னலும் பொட்டும் வைக்க வேண்டியதாயிற்று. அம்மா பட்டுச்சேலைக்கு மேலே கம்பளிச் சட்டையும், காலுக்குத் தடித்த காலுறையும் செருப்பும் போட்டார். இந்த நாட்டில் பிந்துவது பெரிய குற்றம் என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். ஆகவே நேரத்துக்கு முன்பே போய் அந்த வீட்டு வாசலில் பனிக்குள் நின்றோம்.

கதவைத் திறந்த தாய் எங்கள் மூவரையும் பார்த்தார். கட்லட் தட்டைப் பார்த்தார். ஒரு கண நேரம்தான். பிறகு முகம் மலர்ந்து எல்லோரையும் உள்ளே அழைத்தார். அந்த மனுசிக்கு நான் இன்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் வாய் பிளந்து நின்றிருப்பார்கள்.

எங்களைக் கீழே நிலவறைக்குக் கூட்டிப்போனார். வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். பாட்டு அலறியது. நாங்கள் நுழைந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். என் இரட்டைப் பின்னல் எரிவது போல் இருந்தது. அம்மா ஒருவரையும் பார்க்கவில்லை. வாசலில் இருந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு சாண் தடிப்பில் கொங்கிறீட் கதவு. மேலேயும் கொங்கிறீட். ஜன்னல் இல்லை.

"இஞ்சாருங்கோப்பா, இது பங்கரெல்லோ," என்றார் அப்பாவிடம், மெதுவாக.

உண்மைதான். போரே வராத அந்த நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் கீழே ஒரு பங்கரும் கட்ட வேண்டும். வராத குண்டுக்காகக் கட்டிய அறையில் வைன் போத்தலையும் ஜாமையும் அடுக்கிவைத்திருப்பார்கள், பிள்ளைகள் ஆட வேண்டும் என்றால் கலர் பல்ப் மாட்டுவார்கள். நாங்கள் ஊரைவிட்டுப் புறப்படும் முன் கடைசி மாதங்களில், வளவில் தோண்டிய குழிக்கு மேல் பனங்குற்றியை அடுக்கி மண்மூட்டை போட்டு, குண்டு விழும்போதெல்லாம் அதற்குள் குந்தியிருந்தோம். அம்மா அங்கே என்னைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்து, எனக்குப் பனி எறிந்தவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். தலையைத் தண்ணீர் போட்டு வாரியிருந்தான். அந்தப் பக்கத்துப் பழக்கம், ஆளைக் கண்டால் கன்னத்தில் மூன்று முறை முத்தமிட்டுக் கொஞ்ச வேண்டும். வலம், இடம், வலம். வந்த எல்லாருக்கும் கொடுத்ததைத்தான் அவன் எனக்கும் கொடுத்தான். என் அப்பா, அம்மா முன்னால், கையெட்டும் தூரத்தில்.

அப்பாவின் கையில் இருந்த தட்டு சரிந்தது. இரண்டு கட்லட் உருண்டு போயின. அப்பா நிமிர்ந்து நின்றார், அவ்வளவுதான். ஆனால் அந்தப் பெரிய கோட்டுக்குள் அவர் நிமிர்ந்த விதத்தில் அறை முழுக்க அடங்கிவிட்டது. அவன் ஒரு அடி பின்னால் வைத்தான். பிறந்தநாள்காரியின் தாய் சட்டென்று விசயத்தைப் பிடித்துக்கொண்டார். இது சும்மா வணக்கம்தான் என்று காட்டுவதற்காக அப்பாவின் தோளைப் பிடித்து, வலம், இடம், வலம் என்று மூன்று வைத்தார். அப்பா மரம் மாதிரி நின்றார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் அமத்திக்கொண்டார். பிள்ளைகள் எல்லாரும் ஓவென்று சிரித்தார்கள். படமாக இருந்திருந்தால் அந்த இடத்துக்குத்தான் எல்லாரும் கைதட்டியிருப்பார்கள். நான் சாக ஆசைப்பட்டேன்.

யாரோ ஸ்லோ போட்டார்கள். யாரோ விளக்கையும் அணைத்தார்கள். இருட்டு வந்ததும் அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நகம் பதிந்தது.

"வெளியாலை வா. வா பிள்ளை."

"அம்மா, ஒண்டுமில்லை. பாட்டுக்கு லைற்றை நூத்திருக்கினம்."

பிடி விடவில்லை. பிறகு விட்டது. கலர் பல்ப் எரிந்தபோது அம்மாவின் மேலுதட்டில் வியர்வை நின்றது. வீட்டுக்காரத் தாய் அதைக் கண்டிருக்க வேண்டும், அம்மாவைக் கையில் பிடித்து மேலே சமையலறைக்குக் கூட்டிப்போனார். அப்பாவை வீட்டுக்காரர் பக்கத்து அறைக்குக் கொண்டுபோனார். அங்கே பங்கருக்குக் காற்று எடுக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. அதைக் கையால் சுற்றிக் காட்டி, அப்பாவையும் சுற்ற வைத்தார். அப்பா பதிலுக்குப் பனங்குற்றி அடுக்குவதைக் கையால் காட்டுவது கதவிடுக்கால் தெரிந்தது.

நான் சுவரோரம் நின்றேன். அவன் எதிர்ச் சுவரோரம் நின்றான். அவன் என்னைப் பார்த்தான். பிறகு என் அப்பா இருந்த அறையின் கதவைப் பார்த்தான். பிறகு பல்லுக்குக் கம்பி கட்டிய ஒருத்தியிடம் போய்க் கையை நீட்டினான். அவளும் போனாள். அந்தப் பாட்டு முடிந்தது. அடுத்ததுக்கும் அவளோடுதான் ஆடினான். இடையில் ஒரு தரம் என் பக்கமாக வந்தான். அவன் கையில் பாதிக் கட்லட் இருந்தது. உறைப்பில் கண் கலங்கி, மூக்கு வடிந்துகொண்டிருந்தது.

"உன் அம்மா செய்தது மிகவும் நன்றாக இருக்கிறது," என்றான் மரியாதையாக. குரலையும் தாழ்த்தினான்.

அந்தத் தாழ்ந்த குரலில் எனக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இனி அவன் எனக்குப் பனி எறியப் போவதில்லை. நானும் அவனுக்குக் கண்ணாடிச் சாமான் ஆகிவிட்டேன்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு உடனே வீட்டுக்குப் போய்விட வேண்டும், இவர்களால்தானே எல்லாம் என்று நறநறவென்று பல்லைக் கடித்தபடி படியேறினேன். சமையலறைக் கதவுக்குக் கண்ணாடி போட்டிருந்தது. உள்ளே அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். அந்த மனுசியின் கையின்மேல் தன் கையை வைத்தபடி, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தார். முன்னால் கேக்கும் கோப்பியும் இருந்தன. மனுசி எதையோ சொல்லச் சொல்ல அம்மா ஓம் ஓம் என்று தலையாட்டினார். அம்மா சிரித்து நான் பார்த்து எத்தனை காலம்!

கதவுப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அதைப் பறிக்க எனக்கு மனம் வரவில்லை. திரும்பி இறங்கி, பங்கர் வாசலில் குவிந்திருந்த மேலங்கிகளுக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். பாட்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக முடிந்தன. பார்ட்டி முடியும்வரைக்கும் அங்கேயே இருந்தேன். அந்த ஊரில் நான் தனியாக இருந்த பொழுதுகள் நிறைய. ஆனால் அவ்வளவு பேருக்கு நடுவில் அப்படி இருந்தது அன்றைக்கு மட்டும்தான்.

எட்டு மணிக்கு வெளியே வந்தோம். வாசலில் எல்லாருக்கும் மூன்று மூன்று கொஞ்சல். அப்பா இம்முறை கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டார். பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. தரிப்பில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. அம்மா ஒரு கையால் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றார்.

"என்னம்மா?"

"சிரிச்சுச் சிரிச்சுக் கன்னம் நோகுது. அந்த மனுசி கதைச்சது ஒரு சொல்லும் விளங்கேல்லை. எப்ப போவம் எப்ப போவம் எண்டு இருந்தது."

நான் அம்மாவையே பார்த்தேன். "அப்ப ஏன் அம்மா இருந்தனீங்கள்? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே."

"கீழை நீ ஆடுறாய் எண்டெல்லோ இருந்தனான். அந்தப் பங்கருக்குள்ளை, இருட்டுக்குள்ளை நீ நிக்கிறாய் எண்டு எனக்கு நெஞ்சு இடிச்சுக்கொண்டே இருந்தது. எண்டாலும் ஆசைப்பட்டு வந்த பிள்ளை, ஆடி முடியட்டும் எண்டு இருந்தன்."

"நானும் அந்த மிசினைச் சுத்திச் சுத்திக் கை ஓய்ஞ்சு போனன்," என்றார் அப்பா.

பனி மெல்லத் தூவிக்கொண்டிருந்தது. அம்மா செருப்புக்குள் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"ஆடினியோ?" என்று கேட்டார்.

"ஓம். ஆடினனான்."

"அந்தப் பெடியனோடையோ?"

அப்பா அவசரமாகக் கம்பத்தில் ஒட்டியிருந்த பேருந்து நேரத்தைப் படிக்கத் தொடங்கினார்.

"ஓம்."

அம்மா கோபிக்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "எப்பிடி ஆடுறவை? காட்டு பாப்பம்," என்றார்.

நான் அம்மாவின் கைகளை எடுத்து என் தோளில் வைத்தேன். என் கைகளை அவர் கழுத்தைச் சுற்றிப் போட்டேன். கம்பளிச் சட்டையில் மீன் கட்லட் மணந்தது, பட்டுச்சேலை சரசரத்தது. நின்ற இடத்திலேயே அசைந்தோம். பாட்டு இல்லை. ஒருவரும் வரவில்லை. அம்மா என் தலையில் நாடியை ஊன்றிக்கொண்டு மெதுவாகச் சுற்றினார். என் வாழ்க்கையில் முதல் ஸ்லோ அதுதான் என்பது அவருக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

"அவன் உன்ரை காலை மிதிச்சவனோ?" என்று காதுக்குள் கேட்டார்.

"இல்லை அம்மா," என்றேன். அது ஒன்றாவது உண்மை.